பச்சை அட்டைச் சட்டையும் கொசஸ்தலைத் தண்ணீரும்

நகரி மருமகள்:
நேற்று துணிக்கடையில் ஒரு சட்டையில் ‘இயற்கைப் பருத்தி, பூமிக்குத் தீங்கில்லை’ என்று பச்சை அட்டை தொங்கியது. விலை பக்கத்துச் சட்டையைப் போல மூன்று மடங்கு. நான் நகரியில் வாக்கப்பட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிற கால்வாய் திங்கட்கிழமை நீலம் என்றால் வியாழக்கிழமை குங்குமச் சிவப்பு, போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிகிறது. பருத்திக்கு மருந்து அடிக்கவில்லை, சரி. சாயம் எங்கே போட்டார்கள் என்று அந்த அட்டையில் ஒரு வரி கூட இல்லையே?

ஊத்துக்கோட்டை தம்பி:
எல்லா அட்டையும் ஒன்றில்லை அக்கா. ‘காட்ஸ்’ (GOTS) என்கிற இயற்கைத் துணிக்கான உலகத் தரச் சான்று வாங்கிய துணி என்றால் சாயப்பட்டறைக் கழிவுநீரையும் சுத்திகரித்தாக வேண்டும். ஒரு டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்கிறார்கள். வாங்குகிறவர்கள் கேட்காவிட்டால் யார் மாறுவார்கள்? நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து பூண்டி ஏரிக்குத்தான் வருகிறது, சென்னையே அதைக் குடிக்கிறது.

தறிவீட்டுப் பிள்ளை, புத்தூர்:
தம்பி, சான்று வாங்குவது பெரிய கம்பெனிக்கு முடியும். நாலு தொட்டி வைத்திருக்கிற பட்டறைக்கு முடியாது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்ட வேண்டும். நிறத்தை எடுத்துவிடலாம், உப்பு அப்படிப் போகாது, உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. வடிகட்டி போட்டு மிச்சத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும், அந்தச் செலவிலேயே பட்டறை முழுகிவிடும். திருப்பூரிலேயே 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார்கள், அதற்குள் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது, விவசாயத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொன்னார்கள்.

பள்ளிப்பட்டு அண்ணன்:
பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து நெய்த பாலியஸ்டரையும் இப்போது பசுமை என்றே விற்கிறார்கள். அந்த பாட்டில் மறுபடி பாட்டிலாகவே ஆகியிருக்கலாம். துணியானால் துவைக்கிற ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை உதிரும், அப்புறம் குப்பைதான். உலகத்தில் பழைய துணி மறுபடி புதுத்துணியாவது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. கிழியும் வரை உடுத்துங்கள், குறைத்து வாங்குங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தறிவீட்டுப் பிள்ளை, புத்தூர்:
அண்ணே, எல்லோரும் குறைத்தால் முதலில் நிற்பது எங்கள் தறி. வாரம் முழுக்க ஓட்டினால்தான் கூலி.

நகரி மருமகள்:
உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை தம்பி, என் மாமனாரும் பாவு ஓட்டியவர்தான். பட்டறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தட்டும், அந்தச் செலவை லுங்கி விலையில் ஏற்றட்டும், நான் கொடுக்கிறேன். பச்சை அட்டைக்கு மூன்று மடங்கு கொடுக்க மாட்டேன்.

தறிவீட்டுப் பிள்ளை, புத்தூர்:
நீங்கள் கொடுப்பீர்கள் அக்கா. மொத்த வியாபாரி மீட்டருக்கு ஒரு ரூபாய் ஏற்றினாலே வேறு ஊருக்குப் போய்விடுகிறார்.