வாஷிங்டன் வட்டமும் கென்ட்மார் நண்டும்: இது பாதுகாப்பா, சடங்கா?

செஸ்னாக்காரன்:
மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க் விமானத்தளத்தில் இருந்து கென்ட் தீவின் கென்ட்மார் புல்தரை ஓடுபாதை நேர்கோட்டில் 40 கடல் மைல்தான். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை ஓட்டலில் நண்டு. போன சனிக்கிழமை செஸ்னா என்ற சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து, மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என்ஜின் ஓட ஓடத் தரையிலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். நான் போட்ட ஃப்ளைட் பிளான் (பயணத் திட்டம்) கட்டுப்பாட்டு அதிகாரிகளின் திரையில் இல்லையாம். வாடகை மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடியது.

எல்லாம் அந்த வட்டத்தால்தான்: வாஷிங்டனைச் சுற்றி 30 கடல் மைல் ஆரத்தில், தரையில் இருந்து 18,000 அடிக்குக் கீழ் வரை, பிளான் போடாமல் பறக்கக்கூடாது. 2003 பிப்ரவரியில் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள், 2009 பிப்ரவரியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். நடுவில் கருத்துக் கேட்டபோது 21,000 பேருக்கு மேல் எழுதினார்கள். என்ன பயன்? எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒரு செஸ்னா 150இன் உச்ச எடை 725 கிலோ. தெருவில் போகிற கார் இதைவிடக் கனம்.

பொட்டோமாக்வாசி:
கார் மேலே இருந்து விழாதே, நண்பரே!

2005 மே 11 நினைவிருக்கிறதா? பென்சில்வேனியாவின் ஸ்மோக்டவுனில் இருந்து வட கரோலினாவில் ஒரு விமானக் கண்காட்சி பார்க்கப் போன செஸ்னா 150, வழி தவறி வெள்ளை மாளிகையில் இருந்து மூன்று மைல் தொலைவு வரை வந்துவிட்டது. எஃப்-16 போர் விமானங்கள் பறந்தன, நாடாளுமன்றக் கட்டடம் காலியானது, ஆட்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். ஓட்டியவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, வழி தவறினார், அவ்வளவுதான். வழி தவறியவன் யார், வேண்டுமென்றே வருகிறவன் யார் என்று கீழே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பிளான், ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் ஒரு டிரான்ஸ்பாண்டர் எண், ரேடியோவில் இரண்டு வார்த்தை. இதுகூடக் கேட்கக்கூடாதா?

செஸ்னாக்காரன்:
வேண்டுமென்றே வந்தவனையும் பார்த்தாயிற்றே. 1994 செப்டம்பரில் ஒருவர் திருட்டு செஸ்னா 150ஐ வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே மோதினார். செத்தது அவர் மட்டும், கட்டடத்துக்குப் பெரிய சேதம் இல்லை. 2015 ஏப்ரலில் கெட்டிஸ்பர்க்கில் இருந்து ஒரு தபால்காரர் கைரோகாப்டர் என்ற குட்டிச் சுழல்விசிறி விமானத்தில் இந்த வட்டத்துக்குள் நுழைந்து நாடாளுமன்றப் புல்வெளியில் இறங்கினார். ரேடாரில் பறவை, பட்டம் மாதிரிதான் தெரிந்தது என்றார்கள். பிளான் போடாமல் வந்தவரை நிறுத்த முடியவில்லை. பிளான் போட்ட நான் தரையில் நிற்கிறேன்.

இன்னொன்று. இந்தப் பிளானைப் போட்டால் காணாமல் போனபோது தேடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தேட மாட்டார்கள். இது பாதுகாப்புக்கான பிளான் மட்டும். தேடவேண்டும் என்றால் சாதாரண வி.எஃப்.ஆர். (கண்ணால் பார்த்துப் பறப்பது) பிளான் தனியாகப் போடவேண்டும். ஒரே பயணத்துக்கு இரண்டு காகிதம்.

பழைய இறக்கை:
இருவரும் வெளிவட்டத்துக்காகவே அடித்துக்கொள்கிறீர்கள். உள்ளே இருக்கிறவர்களை யாரும் நினைப்பதில்லை. நடுவில் சுமார் 15 கடல் மைலுக்கு இன்னொரு வட்டம் இருக்கிறது. அங்கே போக விரல் ரேகை, பின்னணிச் சோதனை, ரகசிய எண் எல்லாம் வேண்டும். அதற்குள்தான் காலேஜ் பார்க் விமானத்தளம். 1909இல் வில்பர் ரைட் நேரில் வந்து ராணுவ அதிகாரிகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம், இன்றும் இயங்குகிறது. செப்டம்பர் 11க்குப் பிறகு அதுவும் பொட்டோமாக், ஹைட் ஃபீல்டு என்ற மற்ற இரண்டு தளங்களும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் புதிதாக வந்தவர்கள் குறைவு. ஹைட் ஃபீல்டு 2022இல் மூடியே போனது. வட்டம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், நிலத்தின் விலையும் சேர்ந்துதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சும்மா எட்டிப்பார்க்க வருகிற ஆள் இல்லை என்றால் ஒரு சின்ன விமானத்தளம் எப்படிப் பிழைக்கும்?

பொட்டோமாக்வாசி:
அந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. உள்வட்டம் வேறு கதை. ஆனால் செஸ்னாக்காரனுக்கு உள்வட்டத்தில் என்ன வேலை? ஃபிரெடரிக் விமானத்தளத்தில் இருந்து பறக்கட்டும், அது வெளிவட்டத்துக்கும் வெளியே.

செஸ்னாக்காரன்:
ஃபிரெடரிக்கா! அதற்கு வடக்கே கேம்ப் டேவிட். ஜனாதிபதி அங்கே ஓய்வெடுக்க வந்தால் அதைச் சுற்றியுள்ள 3 மைல் தடை வட்டம் 10 மைலாக ஊதிவிடும். ஃபிரெடரிக்கில் இருந்து மாஸி விமானத்தளத்தின் 3,000 அடிப் புல்தரைக்கு நேராகக் கோடு போட்டுப் பாருங்கள். அபர்டீன் பீரங்கிச் சோதனைக் களத்தின் தடை வான்வெளியில் போய் முட்டும். இந்தப் பக்கம் போவதே கோலத்தில் புள்ளியைத் தொடாமல் கோடு இழுப்பது மாதிரி. ஒரு மாதிரி ரசிக்கவும் செய்கிறேன், அது வேறு விஷயம்.

புதுச்சிறகு:
அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கென்ட்மார் போக எனக்கும் ஆசை. அது வட்டத்துக்குள்ளா வெளியிலா?

பழைய இறக்கை:
வெளியே தம்பி, ஆனால் இரண்டே மைல்தான். தலைக்கு மேலே பால்டிமோர், வாஷிங்டன் பெரிய விமானங்களின் வான்வெளி படிப்படியாக இருக்கும். எங்கிருந்து கிளம்பினாலும் முதலில் இந்த வட்டத்துக்கான இணையப் பயிற்சியை முடித்துவிடு, வாஷிங்டனில் இருந்து 60 மைலுக்குள் வி.எஃப்.ஆரில் பறக்கிறவர்களுக்கு அது கட்டாயம்.

அப்புறம் உன் விமான கிளப்பின் விதிகளை எடுத்துப் படி. வாடகை விமானத்தில் புல்லில் இறங்கினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று பல கிளப்புகளில் எழுதியிருக்கும். அரசாங்க வட்டத்துக்கு எப்படியும் அனுமதி கிடைக்கும், கிளப்பின் இந்த விதிக்குக் கிடைக்காது. இங்கே புல்தரைகளுக்குக் கூட்டம் குறைய இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

புதுச்சிறகு:
படித்துவிட்டேன். பயிற்சியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போகலாமாம். விமானம் செஸ்னா 172தான்.

பழைய இறக்கை:
அப்படியானால் கையேட்டைப் பார். 172இல் காய்ந்த புல்லுக்கு மட்டும் மேலெழும் தரையோட்டத்தில் 15 சதவீதம், இறங்கும் தரையோட்டத்தில் 45 சதவீதம் கூட்டச் சொல்கிறது. ஈரப் புல்லில் பிரேக் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். கென்ட்மார் சுமார் 2,400 அடிதான்.

பொட்டோமாக்வாசி:
செஸ்னாக்காரன் சார், ஒரு கேள்வி. உங்கள் பிளானைத் திரையில் காணோம் என்றார்களே, கிளம்பும் நேரத்தை எப்படிப் போட்டீர்கள்?

செஸ்னாக்காரன்:
காலை 10 மணி என்று.

பொட்டோமாக்வாசி:
உள்ளூர் நேரமா, யு.டி.சி. என்ற உலகப் பொது நேரமா?

செஸ்னாக்காரன்:
சரி சரி. பார்த்துவிட்டேன். உள்ளூர் நேரம். அவர்கள் கணக்கில் அது விடியற்காலை ஆறு மணிக்கான பிளான், நான் வருவதற்கு முன்பே காலாவதி. அதற்காக வட்டம் நியாயமாகிவிடாது.

புதுச்சிறகு:
அண்ணா, அடுத்த சனிக்கிழமை போகிறீர்களா? பின் இருக்கை காலியா?

செஸ்னாக்காரன்:
வெள்ளிக்கிழமை மழை சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை அங்கே போன் போட்டுப் புல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன். பிளானை நீ போடு.