சந்தொழுங்கு: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய திறந்த காரைப் புதுப்பிக்கும்போது கதவு, பானெட், டிக்கி, மட்கார்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கச் செய்யும் வேலைக்கு ‘தகட்டுச் சீரமைவு’ என்ற யோசனை வந்திருக்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. சக்கரத்துக்குச் சீரமைவு (அலைன்மென்ட்) சரி. தகடு என்று வந்ததும், நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலைதான் நினைவுக்கு வரும். இங்கே தகட்டில் ஒரு நெளிவும் இல்லாமலே பொருத்தம் கெட்டுப்போகலாம்.

எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த காரைப் பாருங்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த வண்டி. தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, கூரையும் இல்லை. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்கள்தான் பாடியின் விறைப்பில் பெரும்பங்கைத் தாங்குகின்றன. துருப்பிடித்த சட்டத்தை முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவுவாய் மேலே குறுகி, கதவின் பின்மூலை மட்கார்டில் உரசும். புத்தம்புதுக் கதவாக இருந்தாலும் உரசும். அதனால்தான் கதவை மாட்டிவைத்துப் பார்த்துப் பார்த்துப் புதுச் சட்டத்தைப் பற்றவைக்கிறார்கள். பின் மட்கார்டு வெல்டிங்கில் நிற்பது, அசையாது. கீலுக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகட்டுத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்து முதலில் கதவை அதற்குப் பொருத்த வேண்டும். அப்புறம் போல்ட்டில் நிற்கும் முன் மட்கார்டைக் கதவுக்குத் தக்கபடி நகர்த்த வேண்டும். 4 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைக் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள வெளியில் மேலிருந்து கீழே ஓட்டினால் எங்கும் சிக்கவும் கூடாது, லொடலொடக்கவும் கூடாது. குறுக்கே நகத்தை இழுத்தால் விளிம்பு தட்டக் கூடாது.

இதில் தகடு எங்கே வருகிறது? கை தேடுவதெல்லாம் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓடும் அந்தக் கோட்டைத்தான். சொல்லும் அங்கிருந்து பிறக்கட்டும்.

‘இடைவெளி’ ரொம்பப் பொது. ‘இடுக்கு’ என்றால் அழுக்கு சேரும் இடம். “கதவுச் சந்தில் விரலை வைக்காதே” என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்தச் ‘சந்து’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அகலம் சீராக ஓடும் நிலைக்குச் ‘சந்தொழுங்கு’. விளிம்புகள் ஏற்ற இறக்கமின்றி நிற்பதற்கு, கொத்தனார் வாயில் இருக்கும் ‘மட்டம்’ போதும். மட்டம் பார்ப்பது போலவே சந்தொழுங்கு பார்ப்பது; வினையும் தானாக வந்துவிடுகிறது.

கூடவே ஒன்று கேட்கிறேன்: ஷிம்முக்குச் ‘சிம்பு’ என்றே வைத்தால் என்ன? மூங்கில் சிம்பு போல அதுவும் மெல்லிய துண்டுதானே.