கோபி பெரிய வீடு குழு: கதிர் காட்டுக்குப் போன சனிக்கிழமை

சனி, இரவு 7:40

கதிர்: எல்லோருக்கும் வணக்கம். இங்கே கலிபோர்னியாவில் காலை 7 மணி. நானும் ஆபீஸ் நண்பனும் வண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறோம். சாக்ரமெண்டோவிலிருந்து ஃபாரஸ்ட்ஹில் என்கிற மலை ஊர், அதைத் தாண்டினால் டாஹோ தேசியக் காடு. (படம்)

மீனா: என்னடா இது, ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பிறந்த மாதிரி இருக்கிறது?

கதிர்: கிட்டத்தட்ட அதேதான் அத்தை. சைடு பை சைடு என்பார்கள். ஸ்டீயரிங், இரண்டு சீட், சுற்றிலும் இரும்புக் கூண்டு. பைக் மாதிரி மேலே ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டிக்கு ஏடிவி என்று பெயர். மூன்று சக்கரத்தில்கூட விற்றார்கள். கவிழ்ந்து கவிழ்ந்து ஆள் போகவே, 1988-ல் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டார்கள்.

செல்வி: ஆள் போகிற கதையை ஏன் காலையிலேயே சொல்கிறாய்? குட்டியைக் கூட்டிப் போகாதே கண்ணு.

கதிர்: கூட்டிப் போகவும் முடியாதும்மா. பெல்ட் போட்டு, முதுகு சீட்டில் ஒட்டியபடி கைப்பிடியை எட்டிப் பிடிக்க முடிந்தவர்தான் ஏறலாம், கலிபோர்னியா சட்டம். நாலு வயசுக்கு எங்கே எட்டும்? எங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

ராசு: கதிர், ஒரு கேள்வி. காட்டுக்குள் வண்டி விட யார் அனுமதி கொடுத்தது?

தாரிணி: ஆரம்பித்துவிட்டார். அப்பா, நீங்கள் வனத்துறையிலிருந்து ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு.

ராசு: செக்போஸ்டில் நின்றே கால் போனவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? இங்கே காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு டூவீலர் நுழைந்தாலே 1882-ஆம் வருஷத்து வனச் சட்டத்தில் வழக்குப் போடலாம். அங்கே விளையாடவே விடுகிறார்களா?

கதிர்: எல்லாக் காட்டிலும் இல்லைங்க சித்தப்பா. தேசியக் காடு என்றால் மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, வேட்டை, மீன்பிடிப்பு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அதற்குள்ளேயே வனாந்தரம் என்று 1964 சட்டப்படி பிரித்து வைத்த பகுதிகளும் இருக்கின்றன. அங்கே எஞ்சினே கூடாது. சைக்கிள்கூடக் கூடாது.

ராசு: சரி, மீதிக் காட்டில் இஷ்டத்துக்குப் போகலாமா?

கதிர்: முன்பு பல இடங்களில் அப்படித்தான். "கூடாது" என்று பலகை இல்லையென்றால் போகலாம். ஆளாளுக்குப் புதுத் தடம் போட்டார்கள். மண், தண்ணீர், விலங்கு எதற்கும் கேடு வராமல் பாதைகளைத் தீர்மானிக்க வேண்டும் என்று 1972-லேயே அமெரிக்க அதிபர் நிக்சன் ஆணை போட்டார். கேடு தெரிந்தால் உடனே மூடலாம் என்று 1977-ல் அதிபர் கார்ட்டர் சேர்த்தார். ஆனால் காட்டில் நிஜமாக மாற்றம் வந்தது 2005-ல் வனத்துறை கொண்டுவந்த விதியால்தான். அதற்கப்புறம் தலைகீழ். ஒவ்வொரு காட்டுக்கும் இலவசமாக ஒரு வரைபடம் போடுகிறார்கள். அதில் இருக்கிற பாதையில் மட்டும்தான் வண்டி. இல்லாத பாதை கண்ணுக்குத் தெரிந்தாலும் மூடியதுதான்.

ராசு: பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு "பலகையே இல்லையே சார்" என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனம்.

தாரிணி: அப்பா ஒருத்தரைப் பாராட்டி இன்றுதான் பார்க்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

ராசு: சைலன்சரில் பொறி வந்தால்? ஜூன் மாதம், புல் காய்ந்திருக்குமே.

கதிர்: பொறித் தடுப்பான் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். புகைக்குழாய்க்குள்ளேயே இருக்கும். எரிந்த கரித்துண்டு வெளியே தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும். சத்தத்துக்கும் 96 டெசிபல் வரம்பு.

ராசு: பொறியை மட்டும் பார்க்காதே. சூடான புகைக்குழாய் காய்ந்த புல்லில் உரசினாலே போதும். வண்டியை வெறும் மண்ணில் நிறுத்து. நாங்கள் வருஷா வருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது சும்மா இல்லை.

கதிர்: சரிங்க சித்தப்பா. இனி சிக்னல் இருக்காது. வரைபடத்தைப் போனில் இறக்கிவிட்டேன்.

செல்வி: கரடி இருக்குமா?

செல்வி: கண்ணு?

மீனா: போயாச்சு அண்ணி. நீங்கள் படுங்கள்.

தாரிணி: நானும் படுக்கிறேன். நாளைக்கு எங்கள் பைக் குரூப்புக்கும் ரைடு இருக்கிறது.

ஞாயிறு, காலை 5:35

கதிர்: வந்துவிட்டோம். (பாதையில் எடுத்த படம்) காதுக்குள்ளேகூடச் செம்மண். முன்வண்டி கிளப்புகிற தூசியில் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும்.

செல்வி: ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை. சாப்பிட்டாயா?

கதிர்: சாப்பிட்டேன்மா. கரடி வரவில்லை, குதிரை வந்தது. குதிரைக்காரரைப் பார்த்தால் ஓரமாக நின்று எஞ்சினை அணைத்துவிட வேண்டும், மிரண்டுவிடும். எதிரே வண்டி வந்தால் பின்னால் இன்னும் எத்தனை பேர் என்று விரலில் காட்டுவார்கள். மூடின முஷ்டி என்றால் கடைசி ஆள்.

ராசு: நல்ல வழக்கம். அந்தப் படத்தில் பாதைக்குக் குறுக்கே மேடு மாதிரித் தெரிகிறதே, அதில் குதித்து விளையாடினீர்களா?

கதிர்: ஒரு தடவை.

ராசு: அது குதிக்கப் போட்டதில்லை. மழைத்தண்ணீரைப் பாதையிலிருந்து பக்கவாட்டில் இறக்கிவிடப் போட்டது. அது தேய்ந்தால் தண்ணீர் டயர் தடத்திலேயே ஓடிப் பள்ளம் பறிக்கும். அப்புறம் வருகிறவன் பள்ளத்தைச் சுற்றிப் போவான், பாதை அகலும். ஓடையில் மண் இறங்கும்.

கதிர்: சித்தப்பா, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திட்டாதீர்கள்.

ராசு: சொல்லு.

கதிர்: மதியம் ஒரு நல்ல பாதை. நுழைகிற இடத்தில் இரண்டு கம்பம் நட்டு, 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை என்று பலகை. வாடகைக்குக் கொடுத்தவர் "எல்லா இடத்துக்கும் போகும்" என்று சொல்லியிருந்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் யாரோ சுற்றிப் போன தடமும் புதிதாக இருந்தது. நண்பன் போகலாம் என்றான். நானும் திருப்பினேன்.

மீனா: அடப்பாவி.

கதிர்: பத்தடிகூடப் போகவில்லை. இடது பக்கம் மண் சரிந்து வண்டி சாய்ந்துவிட்டது. பின்னால் எடுக்க எடுக்கச் சக்கரம் புதைந்தது. கடைசியில் கம்பியைச் சுற்றி இழுக்கிற வின்ச் போட்டு ஒரு பைன் மரத்தில் கட்டித்தான் இழுத்தோம். அரை மணி நேரம். அப்புறம் டேப் வைத்து அளந்தால் வண்டி 64 அங்குலம். வரைபடத்தில் அந்தப் பாதைக்குத் தனிக் கோடு, தனிக் குறி எல்லாம் இருக்கிறது. நான்தான் குறி விளக்கத்தைப் படிக்கவில்லை.

செல்வி: சாய்ந்ததா??

ராசு: அண்ணி, ஆள் நன்றாக இருக்கிறான், மெசேஜ் போடுகிறானே. கதிர், மரத்தில் கம்பியை நேராகச் சுற்றினாயா?

கதிர்: இல்லைங்க, அகலப் பட்டை போட்டுத்தான். மரப்பட்டை உரியவில்லை.

ராசு: அந்தத் தடத்தை என்ன செய்தாய்?

கதிர்: பள்ளத்தை மண் தள்ளி மூடினோம். காய்ந்த கிளைகளை இழுத்துக் குறுக்கே போட்டோம்.

ராசு: அதைச் செய்தாயே, அது போதும். தடம் கண்ணில் பட்டால் அடுத்தவன் அதைப் பாதை என்றே நினைப்பான். நீயும் அப்படித்தான் நினைத்தாய். அந்தக் கம்பம் என்ன மரமா, இரும்பா?

கதிர்: மரம். ஏன்?

ராசு: நாங்களும் டிராக்டர் நுழையாமல் இருக்கக் கல்தூண் நட்டோம். ஒரு வாரம் நின்றது. ஒரு ஆண் யானை வந்து முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது.

மீனா: 😂😂

ராசு: டிசம்பரில் வரும்போது அந்த வரைபடம் காகிதத்தில் கிடைத்தால் ஒன்று கொண்டு வா. குறி விளக்கத்தோடு.

கதிர்: கண்டிப்பாக. வனத்துறை ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன்.

ராசு: தாரிணி, காலையில் ஷூ போடுகிற சத்தம் கேட்கிறது. உங்கள் ரைடு எந்த வழி?

தாரிணி: ரோட்டில்தான் அப்பா.

ராசு: எந்த ரோடு?

ராசு: தார் ரோடா, மண் ரோடா?

தாரிணி: எனக்கு இங்கே சிக்னல் சரியில்லை.

ராசு: நீ பக்கத்து ரூமில்தான் இருக்கிறாய். வெளியே வா.