குப்பை எரிப்பு ஆலையில் நாற்றமே வராதாம், கதவு மூடியிருக்குமாம்!

வியாசர்பாடி வாசு (இரவு 9.04)
வடசென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டுல கட்டப் பாக்குற எரிப்பு ஆலை பத்தின இழையில நம்ம மீட்டர்மணி சார் மத்தியானம் ஒரு முத்து உதிர்த்திருக்காரு. அப்படியே போடுறேன்: "ஆலைக்குள் லாரிகள் கொட்டும் குப்பைக்குழி எப்போதும் உள்ளிழுக்கும் அழுத்தத்தில் இருக்கும். கதவு மூடியிருக்கும். நாற்றம் வெளியே வரவே வராது. வருகிறது என்பவர்கள் மூக்கை டாக்டரிடம் காட்டவும். மூக்கு பொய் சொல்லும், மீட்டர் பொய் சொல்லாது." அங்க பதில் போட்டா எவனும் படிக்க மாட்டான், அதான் தனியா ஆரம்பிக்கிறேன். சார், நான் ஆறு வருஷம் குப்பை லாரி ஓட்டுனவன். வேற ஊரு, பேரு வேணாம். கதவு மூடினதை நான் பார்த்ததே இல்ல.

மீட்டர்மணி (9.11)
பார்த்தது வேறு, படித்தது வேறு, பராமரித்தது வேறு. நான் அனல்மின் நிலையத்தில் 31 வருடம் கருவிப்பிரிவில் இருந்தவன். எரிப்பு ஆலையில் அடுப்புக்குத் தேவையான காற்றை எஃப்டி ஃபேன் என்ற ஊதுவிசிறி குப்பைக்குழியிலிருந்துதான் உறிஞ்சும். உள்ளே இழுப்பு இருக்கும்போது காற்று வெளியிலிருந்து உள்ளே போகுமே தவிர, உள்ளிருந்து வெளியே வராது. நாறும் காற்று அடுப்புக்குள் போய் எரிந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி 850 டிகிரி, குறைந்தது 2 விநாடி. அந்தச் சூட்டில் எந்த நாற்றமும் மிஞ்சாது. ஒரே நிபந்தனை, கதவு மூடியிருக்க வேண்டும்.

வியாசர்பாடி வாசு (9.14)
அதேதான் சார் நானும் கேக்குறேன். யாரு மூடுறா?

மீட்டர்மணி (9.15)
தானாக மூடும்.

வியாசர்பாடி வாசு (9.15)
லாரி பாதி உள்ள, பாதி வெளிய நிக்கும். பின்னாடி இன்னும் பதினாலு லாரி வரிசையில. அப்பவும் தானா மூடுமா? லாரியோட சேர்த்து மூடுமா?

எருக்கஞ்சேரி மீனா (9.22)
மணி சார், எங்க வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்குங்க. பன்னெண்டு மணிக்கு மேல வரும் பாருங்க, ஜன்னல் சாத்தினாலும் தலைகாணி வரைக்கும் வரும். பகல்ல அவ்வளவா தெரியாது. என் மாமியார் ஊதுவத்தி கொளுத்துவாங்க, ரெண்டும் சேர்ந்தா இன்னும் மோசம்.

மீட்டர்மணி (9.26)
அம்மா, நீங்கள் சொல்வது குப்பைமேட்டு நாற்றம். அதற்கும் எரிப்பு ஆலைக்கும் சம்பந்தமில்லை. மேட்டை ஒழிக்கத்தான் ஆலையே வேண்டும் என்கிறோம். மேட்டுக்குக் கதவு கிடையாது. ஆலைக்குக் கதவு உண்டு.

கீழ்க்காற்று (9.31)
ராத்திரி மட்டும் ஏன் வருதுன்னா, மத்தியானம் கடல்காத்து கிளம்பி எல்லாத்தையும் கலைச்சு மேற்கால தள்ளிடும். ராத்திரி தரைக்காத்து திரும்பும். அதுவும் மெதுவா. தரை சீக்கிரம் குளிர்ந்து மேல சூடான காத்து மூடி மாதிரி உக்காந்துடும், நாத்தம் மேல போக வழியில்லாம தரையோட தவழும். அதனாலதான் மேட்டுக்குக் கிழக்கால இருக்கிற தண்டையார்பேட்டை, ஆர்.கே. நகர் ஆளுங்க விடியக்காலையில திட்டுறாங்க. இதுல மேடா ஆலையான்னு காத்துக்குத் தெரியாது.

அடையாறு ஆலமரம் (9.40)
கோபன்ஹேகன்ல அமாகர் பக்கேன்னு ஒரு எரிப்பு ஆலை. கூரை மேல பனிச்சறுக்கு விளையாடுறாங்க. கீழ குப்பை எரியுது, மேல குழந்தைங்க சறுக்குது. நாற்றம் இருந்தா போவாங்களா? நம்ம ஆளுங்களுக்கு எது வந்தாலும் எதிர்ப்பு.

தண்டையார்பேட்டை தம்பி (9.43)
அப்ப அடையாத்துல கட்டுங்க தலைவா. சறுக்கு விளையாட நாங்க வர்றோம்.

அடையாறு ஆலமரம் (9.45)
வழக்கமான பதில். பெருங்குடி குப்பைமேடு எங்க பக்கம்தானே? 2022 ஏப்ரல்ல மேடு பத்தி எரிஞ்சப்ப நாள்கணக்கில் புகையைக் குடிச்சது நாங்க.

தண்டையார்பேட்டை தம்பி (9.47)
ஒரு தடவை எரிஞ்சதை நாலு வருஷமா சொல்றீங்க. அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, மேடு எல்லாம் யாரு பக்கம் இருக்குன்னு வரைபடத்தை எடுத்துப் பாருங்க. 2025 மே மாசம் எரிப்பு ஆலை வேணாம்னு இங்க மனிதச்சங்கிலி நின்னாங்களே, சும்மா வெயில் காயவா?

கெமிஸ்ட்ரி கார்த்தி (9.58)
டென்மார்க் குப்பையும் நம்ம குப்பையும் ஒண்ணா? நம்மளுதுல வாழையிலை, சாம்பார், இளநீர் மட்டை. ஈரம் சொட்டும். 2016 திடக்கழிவு விதியிலேயே கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல இருக்கிற, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை நிலத்துல கொட்டக்கூடாதுன்னுதான் இருந்துச்சு. அந்த மாதிரிக் குப்பைதான் எரிக்கத் தோதானது. ஈரத்தைக் கொண்டுபோய்த் தள்ளினா அடுப்புச் சூடு இறங்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும், டீசல் பர்னரைப் போட்டுத் தூக்கணும். மணி சார் சொல்ற 850 தானா வராது.

மீட்டர்மணி (10.06)
அதற்குத்தான் மீட்டர். புகைபோக்கியில் தூசி, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு எல்லாவற்றையும் 24 மணி நேரமும் கருவி பார்த்துக்கொண்டிருக்கும். அளவுகள் நேராக மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சர்வருக்குப் போகும். தூசிக்கு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 50 மில்லிகிராம். ஹைட்ரஜன் குளோரைடு 50. அதுவும் 11 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திய அளவு, காற்றைக் கலந்து ஏமாற்ற முடியாது. அமில வாயுவுக்குச் சுண்ணாம்பு, பாதரசத்துக்கும் டயாக்சின் என்ற நச்சுக்கும் கரித்தூள், கடைசியில் பேக் ஃபில்டர் என்ற துணிப்பை வடிகட்டி. மறைக்க இடமே இல்லை.

கெமிஸ்ட்ரி கார்த்தி (10.11)
24 மணி நேரமும்? டயாக்சினையுமா?

மீட்டர்மணி (10.13)
எல்லாவற்றையும் என்றேனே.

கெமிஸ்ட்ரி கார்த்தி (10.19)
சார், டயாக்சினுக்கு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். நேரலையில காட்டுற மீட்டர் கிடையாது. மணிக்கணக்கா புகையை உறிஞ்சி மாதிரி எடுத்து, லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வர வாரக்கணக்காகும். ஆள் வர்ற தேதி முன்னாடியே தெரிஞ்சா அன்னிக்கு நல்ல குப்பையா பார்த்துப் போடலாம். இன்னொண்ணு, 850ல அழிஞ்சது, புகை 450லேர்ந்து 200 டிகிரிக்கு ஆறுறப்ப சாம்பல் மேல திரும்ப உருவாகும். அதனாலதான் சட்டுனு குளிர வைக்கணும்ங்கறாங்க. டெல்லி ஓக்லா எரிப்பு ஆலைக்கு 2017ல பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் அபராதம் போட்டதே, அங்க மட்டும் மீட்டர் இல்லாமலா இருந்துச்சு?

மீட்டர்மணி (10.24)
தலைப்பு நாற்றம். டயாக்சினுக்கு வாசனை கிடையாது. நான் பேசியது கதவைப் பற்றி. கதவைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வியாசர்பாடி வாசு (10.25)
யோவ் சார், ஒரு மணி நேரமா கதவைத்தானே கேக்குறேன்!

சொல்லேருழவன் (10.31)
ஒரு சிறு திருத்தம். "நாற்றம்" என்ற சொல்லை எல்லாரும் கெட்ட பொருளிலேயே எழுதுகிறீர்கள். பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம். பூவும் நாறும். கெட்டதைக் குறிக்க "முடைநாற்றம்" என்று எழுதுவதே முறை. தலைப்பைத் திருத்தினால் நலம்.

தண்டையார்பேட்டை தம்பி (10.32)
ஐயா, எங்க ஏரியாவுக்கு வந்து ஒரு மூச்சு இழுங்க. சொல்லு தானா வரும், முறையாவே வரும்.

எருக்கஞ்சேரி மீனா (10.34)
🤣🤣

சொல்லேருழவன் (10.38)
ஏளனம் செய்வது எளிது. போன மாதமும் வேறொரு சொல் விவாதத்தில் இதே நபர் இப்படித்தான் பேசினார்.

கீழ்க்காற்று (10.45)
மணி சார், மூக்கு பொய் சொல்லும்னு எழுதினீங்கல்ல. ஹைட்ரஜன் சல்பைடு, அதான் அழுகின முட்டை வாசனை, நூறு கோடியில சில பங்கு இருந்தாலே மூக்கு பிடிச்சிடும். நீங்க வரிசையா சொன்ன புகைபோக்கிப் பட்டியல்ல அது இருக்கா? இல்ல. ஐரோப்பாவுல நாத்தத்தை அளக்குறதே மூக்கை வெச்சுத்தான். ஆட்களை உக்கார வெச்சு, காத்தைச் சுத்தமான காத்தோட கலந்து கலந்து மோக்கக் கொடுத்து, பாதிப்பேருக்குத் தெரியற அளவை ஒரு அலகுன்னு வெச்சிருக்காங்க. அதுக்குத் தரவிதியே இருக்கு. அங்க மூக்குதான் மீட்டர்.

மீட்டர்மணி (10.52)
பயிற்சி பெற்ற மூக்கு. தேர்ந்தெடுத்த மூக்கு. எல்லார் மூக்கும் அல்ல. அதே வாயு அதிகமானால், பத்து லட்சத்தில் நூறு பங்கு வந்தாலே மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. அப்போது உங்கள் மூக்குமீட்டர் "எல்லாம் நலம்" என்று காட்டும். என் மீட்டர் அலாரம் அடிக்கும். சாக்கடைக்குள் இறங்கி இறப்பவர்களின் கதை தெரியாமல் பேச வேண்டாம்.

வியாசர்பாடி வாசு (10.55)
அதுல செத்தவங்க யாரு பக்கத்து ஆளுங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார். நீங்க சொல்ல வேணாம்.

அடையாறு ஆலமரம் (11.01)
இவ்வளவு மூக்கு உள்ளவங்க போகிக்கு டயர் கொளுத்துறப்ப எங்க போனாங்க? 2018 போகியில விமானம் இறங்க முடியாம திரும்பிச்சு. அதை எந்த ஆலை செஞ்சுது?

எருக்கஞ்சேரி மீனா (11.04)
வருஷத்துல ஒரு நாளும், வருஷம் பூராவும் ஒண்ணா சார்? நாங்க டயர் கொளுத்துறதில்ல, பழைய பாய்தான்.

தண்டையார்பேட்டை தம்பி (11.05)
அக்கா, பாயைக் கொளுத்தினதை ஏன் ஒத்துக்கிறீங்க, இதையே வெச்சு நாலு மாசம் பேசுவாங்க.

கெமிஸ்ட்ரி கார்த்தி (11.12)
கதவு மூடியே இருக்குன்னு வெச்சுக்குவோம். பராமரிப்புக்கு அடுப்பை நிறுத்தினா எஃப்டி ஃபேனும் நிக்கும். ஃபேன் நின்னா இழுப்பு போச்சு. குழியில ஆயிரக்கணக்கான டன் ஈரக்குப்பை, மே மாச வெயில். அப்ப?

மீட்டர்மணி (11.17)
அதற்குத் தனி ஃபேனும் கரிவடிகட்டியும் வைப்பார்கள். கதவிலும் காற்றுத்திரை இருக்கும்.

கெமிஸ்ட்ரி கார்த்தி (11.18)
வைப்பாங்களா, வெச்சிருக்காங்களா?

மீட்டர்மணி (11.20)
வைக்க வேண்டும்.

வியாசர்பாடி வாசு (11.21)
ஆங். "இருக்கும்"னு ஆரம்பிச்சு "வேண்டும்"ல வந்து நிக்குது பாருங்க.

மீட்டர்மணி (11.29)
வாசு அவர்களே, ஒரு கேள்வி. நேராகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் லாரி ஓட்டிய இடத்தில் தினம் எத்தனை டன் எரித்தார்கள்? கதவு எந்த வகை?

வியாசர்பாடி வாசு (11.33)
பெரிய ஆலை எல்லாம் இல்ல. ஒரு ஷெட்டு, ஒரு அடுப்பு, ஒரு சிம்னி. குழின்னு எதுவும் இல்ல, தரையில கொட்டி ஜேசிபி தள்ளும். கதவு நம்ம கடை ஷட்டர் மாதிரிதான். கீழ பாதி துருப்பிடிச்சு இறங்காது.

மீட்டர்மணி (11.36)
அது எரிப்பு ஆலையே அல்ல! இரண்டரை மணி நேரம் என்னை வீணடித்துவிட்டீர்கள். நான் சொன்னது வேகமாக ஏறி இறங்கும் தானியங்கிக் கதவு.

வியாசர்பாடி வாசு (11.38)
வாசல்ல "எரிப்பு ஆலை"ன்னுதான் சார் போர்டு போட்டிருந்தான். திறக்கிறப்ப மாலை எல்லாம் போட்டாங்க. உங்க கதவு சென்னையில எங்க இருக்கு, ஒரு போட்டோ போடுங்க.

மீட்டர்மணி (11.40)
கட்டினால்தானே போட்டோ எடுக்க முடியும்? கட்ட விட மாட்டேன் என்பதும் நீங்கள், போட்டோ கேட்பதும் நீங்கள்.

சொல்லேருழவன் (11.41)
"தானியங்கிக் கதவு" சரி. "ஷட்டர்" என்பதற்குச் "சுருள்கதவு" என்று நல்ல தமிழ் இருக்கிறது.

எருக்கஞ்சேரி மீனா (11.44)
வந்துடுச்சு. இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம்.

மீட்டர்மணி (11.46)
காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் அம்மா. ஊதுவத்தியை முதலில் அணையுங்கள். மற்றவர்களுக்கு: நாளை காலை கதவின் வரைபடத்தோடு வருகிறேன். அதுவரை யாரும் கதவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

வியாசர்பாடி வாசு (11.47)
கதவு.