புது கேமராவில் விரலுக்கு வழி தெரியவில்லை. இருட்டில் படம் எடுப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இரண்டாம்மணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மேடை நாடகமும் நடனமும் படம் எடுப்பவள். அரங்கில் விளக்கு அணைந்த பிறகுதான் எனக்கு வேலையே. ஒன்பது வருடமாக ஒரே டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி எழுந்து இறங்கும் கேமரா) வைத்திருந்தேன். போன மாதம் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது வேண்டாம், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். படத்தின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. அரையிருட்டிலும் முகத்தைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிறது. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 6400-இல் வைத்து எடுத்தால் பழைய கேமராவின் 1600 மாதிரி இருக்கிறது. ஆனால் மூன்று நிகழ்ச்சிகள் முடிந்து படங்களை வரிசையாகப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் கணங்கள் ஒன்றுகூட அதில் இல்லை.

பழைய கேமராவில் நான் எப்படி வேலை செய்வேன் என்று சொன்னால்தான் புரியும். ஒரு பாத்திரம் நின்று பேசுகிறது, ஷட்டர் வேகம் 1/125 விநாடியில் இருக்கும். ஓடப் போகிறது என்று தோள் அசைவிலேயே தெரிந்துவிடும். கட்டைவிரலால் டயலை வலப்பக்கம் மூன்று க்ளிக். 160, 200, 250. நின்றதும் மூன்று க்ளிக் இடப்பக்கம். எண்ணை நான் பார்த்ததே இல்லை. வியூஃபைண்டரின் அடியில் அது மாறிக்கொண்டிருக்கும், என் கண் மேடையிலேயே இருக்கும். ஒவ்வொரு க்ளிக்கும் எலும்பில் தட்டுவது போல விரலில் தனித்தனியாக விழும்.

புதியதில் அதே இடத்தில் டயல் இருக்கிறது. ஆனால் பல் ஆழமில்லை, தொளதொளவென்று ஓடுகிறது. மூன்று திருப்பினேன் என்று நினைத்தால் சில சமயம் இரண்டுதான் போயிருக்கிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணைப் பார்த்த நேரத்தில் மேடையில் நடந்தது போய்விடுகிறது.

இரண்டாவது, ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஐஎஸ்ஓ பட்டனும் வீடியோ பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே அளவு, ஒரே உயரம், இரண்டும் வழவழப்பு. ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி. கிழவர் கையிலிருக்கும் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அமைதியாகக் கிழிப்பார். விளக்கு மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஒத்திகையில் பார்த்து வைத்திருந்தேன், அந்தக் கணத்துக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். ஐஎஸ்ஓவை ஏற்ற விரலை நகர்த்தினேன், சட்டென்று வியூஃபைண்டரில் மேலும் கீழும் வெட்டுப்பட்டு ஓரத்தில் சிவப்புப் புள்ளி. வீடியோ ஓடுகிறது என்று புரிந்து அதை நிறுத்துவதற்குள் கடிதத் துண்டுகள் தரையில் கிடந்தன.

மூன்றாவது, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல் (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) வலது மூலையில் துருத்திக்கொண்டிருக்கிறது. கறுப்புத் திரை முன்னால் ஒரு முகம் மட்டும் ஒளியில் இருந்தால் மீட்டர் ஏமாந்து போகும். கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை வெளுத்துவிடும். அதனால் அபர்ச்சர் பயன்முறைக்கு (லென்ஸ் திறப்பை நான் வைக்க, வேகத்தைக் கேமராவே வைப்பது) போனால் எப்போதும் -1 அல்லது அதற்குக் கீழேதான் வைப்பேன். ஒரு நாள் பையிலிருந்து எடுத்ததில் டயல் உரசி +0.7-க்குப் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. முதல் பத்து நிமிடம் எல்லா முகமும் சுண்ணாம்பு.

இன்னொன்று, இதைச் சொன்னால் யாருக்காவது புரியுமா என்று தெரியவில்லை. சத்தமில்லாத ஷட்டரில் எடுக்கிறேன், அரங்கில் அது பெரிய வசதி. ஆனால் பட்டனை அழுத்தினால் கைக்கு ஒன்றுமே திரும்பி வருவதில்லை. எடுத்தேனா, பாதியில் நிற்கிறேனா என்றே தெரிவதில்லை. முன்பு கண்ணாடி மேலே எழும் அதிர்வு உள்ளங்கையில் தெரியும். நடிகரின் மூச்சோடு சேர்த்து எடுக்க அதுதான் எனக்குத் தாளம். இப்போது சந்தேகத்தில் ஒன்றுக்கு மூன்றாக அழுத்துகிறேன், மூன்றுமே கணம் தப்பிய படங்களாக இருக்கின்றன.

இது பழக்கத்தில் சரியாகுமா? எத்தனை நாள்? இல்லை, என் கைக்கு இந்த உடல் ஒத்துவராது என்று முடிவுசெய்து மாற்றிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வரப்புக்குருவி எழுதியது:

தோழி, அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். நான் பறவை எடுப்பவன். கேனானிலிருந்து நிக்கானுக்கு மாறியபோது இரண்டு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஜூம் வளையமே எதிர்த்திசையில் சுற்றும். பருந்து இறங்கும்போது நெருக்க நினைத்து அகலமாக்கிவிடுவேன். வளையத்தின் திசையை மாற்ற முடியாது, கைதான் பழக வேண்டும். ஆனால் டயல் சுற்றும் திசையை மெனுவில் மாற்றலாம், உங்களுடையதிலும் அநேகமாக இருக்கும். பழைய கேமராவில் எந்தப் பக்கம் திருப்பினால் வேகம் ஏறுமோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உதவியது ஒன்றுதான். தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேமராவை மடியில் வைத்து, "250, ஐஎஸ்ஓ 3200" என்று வாயால் சொல்லி விரலால் வைப்பேன். அப்புறம் கண் திறந்து சரிபார்ப்பேன். பழைய கேமராவை அந்த நாட்களில் தொடவே கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் கை இரண்டையும் மறக்கும்.

திருப்புளி எழுதியது:

அம்மா, நான் கேமரா பழுது பார்க்கிறவன். நீங்க எழுதினதுல ஒரு விஷயம் பழக்கம் சம்பந்தப்பட்டது இல்ல. மூணு திருப்பினா இரண்டு போகுதுன்னீங்களே, அதை முதல்ல பாக்கணும்.

அந்த டயலுக்குள்ள இருக்கிறது ஒரு சின்ன என்கோடர். இரண்டு தொடுமுனைகள், ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கும். டயல் திரும்பும்போது எந்த முனை முதல்ல மாறுதுங்கிறதை வெச்சுத்தான் வலமா இடமான்னு கேமரா தெரிஞ்சுக்குது. அந்த முனையில தூசியோ வேர்வை உப்போ படிஞ்சா ஒரு அடி எண்ணாம விட்டுடும். சில சமயம் எதிர்ப்பக்கமே ஒரு அடி போகும். நிறைய பேர் இதைத் தன் கை நடுக்கம்னு நினைச்சுக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. விரலுக்குத் தெரியற க்ளிக் வேற சமாச்சாரம். அது ஸ்பிரிங் அழுத்தத்துல ஒரு முனை பள்ளத்துக்குப் பள்ளம் விழற உணர்வு. விரல் எண்ணுறதும் கேமரா எண்ணுறதும் இரண்டு தனித்தனி கணக்கு. இரண்டும் ஒத்துப்போகணும்.

சோதனை இப்படிப் பண்ணுங்க. வெளிச்சத்துல உக்காந்து, மேனுவல்ல 1/4000 வெச்சு, நிதானமா 30 க்ளிக் ஒரே பக்கமா, வேகம் குறையற மாதிரி. ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆகற அளவு) மூணு க்ளிக்னா 1/4-க்கு வரணும். இதையே வேகமா இன்னொரு தடவை. நிதானமா திருப்பினாலும் தப்பினா என்கோடர் கோளாறு, வாரண்டியில கொடுத்துடுங்க. வேகமா திருப்பும்போது மட்டும் தப்பினா, கேமரா வேற வேலையில இருக்கும்போது டயலைக் கவனிக்காம விடுதுன்னு அர்த்தம். அதுக்கு வழி வேற, அப்புறம் சொல்றேன்.

இப்ப நீங்க கேட்ட பெரிய கேள்வி. அந்தக் காலத்து கேமராவுல அபர்ச்சர் லென்ஸ் வளையத்துல இருக்கும், வேகம் மேல் டயல்ல எண்ணோட இருக்கும். வளையத்துக்கு இரண்டு முனை உண்டு. கடைசி வரைக்கும் திருப்பினா முட்டி நிக்கும். இருட்டுலயும் "இப்ப எஃப் 2.8-ல இருக்கேன்"னு தெரியும், அங்கேருந்து எண்ணிக்கிட்டே வரலாம். 1986-ல வந்த கேனான் டி90 ஷட்டர் பட்டனுக்குப் பின்னால ஒரே ஒரு எண்ணில்லாத சக்கரத்தை வெச்சுது. 1989-ல இஓஎஸ்-1 முதுகுல பெரிய சக்கரம் வந்தது. 1996-ல நிக்கான் எஃப்5-ல முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. இன்னிக்கு நம்ம கையில இருக்கிற பெரும்பாலான கேமரா இந்த வம்சம்தான். வேலை வேகமாச்சு, ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சக்கரத்துக்குத் தொடக்கமும் இல்ல முடிவும் இல்ல. எண்ணும் போச்சு, முட்டுற இடமும் போச்சு. விரலுக்கு மிச்சம் இருக்கிறது அந்த க்ளிக் மட்டும். அதையும் மெத்துனு பண்ணிட்டா உங்க மாதிரி ஆட்கள் எதைப் பிடிச்சுக்கிறது? இதுல எனக்கு ரொம்ப நாள் வருத்தம் உண்டு.

அதனால முட்டுற இடத்தை நீங்களே உண்டாக்கிக்கணும். சி1, சி2 மாதிரி சேமிப்பு இடங்கள் இருக்கில்ல, அதுல ஒண்ணுல உங்க அடிப்படை அமைப்பை வெச்சுடுங்க. 1/125, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 எதுவோ. குழம்பினா வேற பயன்முறைக்குப் போய்த் திரும்பி வாங்க, சேமிச்சது அப்படியே நிக்கும். சில கேமராவுல கடைசியா மாத்தினதை நினைவு வெச்சுக்கும், மெனுவுல அதை அணைச்சுடணும்.

பட்டனுக்கு நகப்பாலிஷ். நிறமில்லாதது. பல் குத்துற குச்சி முனையில ஒரே ஒரு சொட்டு எடுத்து ஐஎஸ்ஓ பட்டன் நடுவுல வையுங்க. அசையாம ஒரு ராத்திரி காயட்டும், அதுக்கு மேல இரண்டாவது சொட்டு. சின்ன மரு மாதிரி நிக்கும், விரல் உடனே கண்டுபிடிக்கும். உடனே ஒட்டுற பசை மட்டும் போட்டுடாதீங்க, இடுக்கு வழியா உள்ள இறங்கிடும். வீடியோ பட்டனுக்கு வேற வேலை கொடுக்கவோ முடக்கவோ பல மாடல்ல வழி இருக்கு. நீங்க வீடியோ எடுக்கிறதே இல்லைன்னா அதையும் ஐஎஸ்ஓன்னே வெச்சுடுங்க, எதை அழுத்தினாலும் ஒண்ணுதான். மூலை டயல் நடுவுல பூட்டு பட்டன் இருக்கான்னு பாருங்க.

இடக்கண் எழுதியது:

இரண்டாம்மணி, நீங்கள் எந்தக் கண்ணால் பார்ப்பவர்? நான் இடக்கண். மிரர்லெஸ்ஸில் திரையைத் தொட்டு ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் வசதியைப் போட்டு வைத்திருந்தேன். என் மூக்கு திரையில் பட்டுப் புள்ளி தானாக மூலைக்குப் போய்விடும். ஃபோகஸ் பழுது என்று ஒரு வாரம் நினைத்தேன். தொடும் பகுதியைத் திரையின் இடப் பாதிக்கு மட்டும் ஒதுக்கியதும் அடங்கியது.

கைக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கு நன்றாகப் புரிந்தது. சத்தமில்லாமல் எடுக்கும்போது வியூஃபைண்டரில் படத்தைச் சுற்றி ஒரு கோடு மின்னும்படி அமைக்கலாம், மெனுவில் தேடுங்கள். விரலுக்குக் கிடைக்காததைக் கண் வாங்கிக்கொள்ளும். முழு ஈடாகாது, ஆனால் மூன்று தடவை அழுத்துவது நின்றுவிடும். எல்இடி விளக்குகள் இருக்கும் மேடை என்றால் அந்தச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம், ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள்.

இரண்டாம்மணி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

திருப்புளி அண்ணா, நிதானமாக 30 திருப்பினேன், சரியாக 1/4-இல் வந்து நின்றது. வேகமாகத் திருப்பினால் 1/10-இல் நிற்கிறது, நான்கு க்ளிக் காணாமல் போகிறது. நான்கைந்து தடவை செய்தும் ஏறக்குறைய அப்படித்தான். கோளாறு இல்லை என்று தெரிந்ததே பாதி நிம்மதி. நீங்கள் வழி சொல்வதற்குள் நானே ஒன்று செய்து பார்த்தேன். மெனுவில் ஒரு ஸ்டாப்பை மூன்றாகப் பிரிப்பதற்குப் பதில் இரண்டாகப் பிரித்துவிட்டேன். இப்போது 125, 180, 250. இரண்டே க்ளிக். இரண்டை விரல் தவறவிடுவதில்லை. மூன்றாவது க்ளிக்கைத்தான் அவசரத்தில் இழந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஒன்பது வருடப் பழக்கத்தை மாற்றுவது முதல் நாள் கசப்பாக இருந்தது, நான்காம் நாள் கை அதையே தேடியது.

நகப்பாலிஷ் இரண்டு சொட்டு வைத்தேன். முதல் சொட்டு கொஞ்சம் வழிந்துவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இப்போது ஆள்காட்டி விரல் ஷட்டரிலிருந்து பின்னால் வழுக்கிக்கொண்டு போய் அந்த மருவில் நிற்கிறது. வீடியோ பட்டனை முடக்கிவிட்டேன். மூலை டயலுக்குப் பூட்டு இல்லை. அதன் வேலையை லென்ஸ் வளையத்துக்கு மாற்றிவிட்டேன், இனி எங்கே உரசினாலும் ஒன்றும் ஆகாது. வரப்புக்குருவி சொன்ன மடிப் பயிற்சி தினமும் நடக்கிறது, ஆனால் ஐஎஸ்ஓவில் இன்னும் தப்புகிறேன்.

இடக்கண், நான் வலக்கண்தான். மின்னும் கோடு வேலை செய்கிறது. இருட்டுக் காட்சியில் வெள்ளைக் கோடு கண்ணைக் குத்தியது, சாம்பல் நிறம் இருந்தது, அதற்கு மாற்றினேன். உள்ளங்கையின் அதிர்வு திரும்பவில்லை, அதற்கு இன்னும் ஏங்குகிறேன்.

நேற்று அதே நாடகம் மறுபடி போட்டார்கள். கடிதம் கிழிக்கும் இடத்தில் விளக்கு இறங்க, மருவைத் தொட்டு, அழுத்தியபடி டயலில் இரண்டு க்ளிக் ஏற்றினேன். கண்ணை எடுக்கவில்லை. முதல் கிழிசலில் காகிதத்தின் நுனி இரண்டாகப் பிரியும் நேரம் ஒரு படம், அவர் கண் மூடியபோது ஒரு படம். இரண்டே அழுத்தல்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஷட்டரைப் பாதி அழுத்தும் இடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, தடையே இல்லாமல் முழுதும் இறங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா அண்ணா?

திருப்புளி எழுதியது:

அரை ஸ்டாப் யோசனை எனக்கே தோணலம்மா, நல்ல வேலை பண்ணீங்க. பட்டன் இலேசா இருக்கிறது அந்த மாடலோட சுபாவம். சில கம்பெனி சர்வீஸ்ல அழுத்தத்தைக் கூட்டித் தருவாங்க, கேட்டுப் பாருங்க. அதுவரைக்கும் ஃபோகஸை ஷட்டர்லேருந்து எடுத்து முதுகுல இருக்கிற ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுத்துடுங்க. கட்டைவிரல் ஃபோகஸ் பிடிக்கும், ஆள்காட்டி விரலுக்குப் பாதியில நிக்கிற வேலையே இருக்காது.