கத்திரியில் ஏசி கழுத்தறுத்த கதைகள்

மேடவாக்கம் மாடிவீடு:
ராத்திரி இரண்டு மணி. "கூரை ஒழுகுதுடா" என்று அம்மா எழுப்பினார். கத்திரி வெயிலில் ஏது மழை? ஏசி இன்டோரிலிருந்து அவர் தலையணையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காலையில் வந்த மெக்கானிக் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டி, "முள்ளைப் பாருங்க சார், கேஸ் கம்மி" என்றார். 3,500 ரூபாய். மூன்றாம் நாள் மறுபடி சொட்டு. தெருமுனைக் கடைப் பையன் வந்து, ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பில் புளோயரை வைத்து ஓர் ஊது ஊதினான். ஆறிப்போன கேழ்வரகுக் கூழ் மாதிரி பாசி நெளிந்து வந்து விழுந்தது, பின்னாலேயே ஒரு செம்புத் தண்ணீர். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. முள்ளைக் காட்டியபோது தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேனே, அதுதான் உறுத்துகிறது.

கொட்டிவாக்கம்வாசி:
எடுத்த எடுப்பில் அவரைத் திருடனாக்காதீர்கள். கேஸ் குறைந்தாலும் உள்ளே குளிரூட்டும் காயிலில் ஐஸ் கட்டி, அது உருகி இப்படித்தான் சொட்டும். ஆனால் கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்தால் எங்கோ கசிவு. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கடல். மூன்று வருஷம் வருஷா வருஷம் நிரப்பினேன். நாலாவது ஆள்தான் சோப்பு நுரை தடவினார். அவுட்டோர் காயிலில் குட்டிக் குட்டியாகக் குமிழி. விரல் பட்ட இடத்தில் அலுமினியத் தகடு அப்பளமாக நொறுங்கியது. எல்லாம் உப்புக் காற்று.

பல்லிதோஷம்:
எங்கள் வீட்டில் ஏசியின் சர்க்யூட் போர்டு எரிந்தது. திறந்தால் உள்ளே கருகிய பல்லி. தோஷம், பரிகாரம் என்று மாமியார் தொடங்கிவிட்டார். பரிகாரச் செலவு 6,000, புது போர்டு.

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்:
என் கதை சின்னது. அவுட்டோர் 'உம்' என்று முனகியது, ஃபேன் சுற்றவில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் உப்பியிருந்தது, மாற்றினேன்.

ஆனால் பக்கத்து வீட்டுத் தம்பி குச்சியால் ஃபேனைத் தள்ளிவிடப் போனாரே, அதைச் சொல்ல வேண்டும். செய்யாதீர்கள். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கும், தொட்டால் தூக்கியடிக்கும். அப்புறம், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் காட்டுங்கள். நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். அவுட்டோர் மேல் கோணி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மூச்சு முட்டிக் கம்ப்ரசர் போய்விடும். சர்வீஸை மாசியிலேயே முடியுங்கள், சித்திரையில் கூப்பிட்டால் எவனும் போன் எடுக்க மாட்டான். 18-இல் வைத்துப் போர்வை போர்த்துவது என்ன பழக்கமோ! 24 போதும்.

மேடவாக்கம் மாடிவீடு:
கொட்டிவாக்கம் சார், எங்கள் காயிலில் ஐஸ் இல்லை. சொட்டிக்கொண்டே ஜில்லென்றுதான் ஓடியது. எலக்ட்ரீஷியன் ஐயா, எங்கள் வீட்டில் 26 தான், அம்மாவுக்கு அதுவே குளிர். இப்போதும் ஏசிக்கு நேர் கீழே குண்டானை வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.