ஸ்வயம் இணையப் பாடம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு பயிலும் என் மகள், இந்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐ.ஐ.டி.கள் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் வழங்கும் பாடமொன்றில் சேர விரும்புகிறாள். எங்கள் சிற்றூரில் இருந்தபடியே ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கவும், புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கவும் முடிவதைப் பெரும் வாய்ப்பாகவே கருதுகிறேன். ஆயினும், வாராந்திரப் பயிற்சிகளுக்குப் பொதுவாக 25 விழுக்காடும், கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் என்றிருக்கையில், பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்த அவளுக்கு ஐயம் எழும்போது உடனிருந்து விளக்க ஒருவரும் இல்லையே என்பதுதான் என் கவலை. வகுப்பறையில் நல்ல ஆசிரியர் மாணவரின் முகக்குறிப்பைக் கண்டே அவருக்கு ஐயம் இருப்பதை உணர்ந்துகொள்வார். இணைய வேகக் குறைவைச் சமாளித்துவிடலாம். தமிழ் மொழிபெயர்ப்புடன் கிடைக்கும் இயற்பியல் பாடங்கள் எவை, சேர்ந்து படிக்கும் மாணவர் குழுக்கள் ஏதும் உண்டா, இப்பாடத்தைக் கல்லூரிப் படிப்பின் மதிப்பீட்டுப் புள்ளிகளில் (கிரெடிட்) சேர்க்க முன்னதாக யாரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன்.